கல்லுமலை ரோதைமுனியின் கொடி

கல்லுமலை டிவிசனில் மின்சாரம் இருக்கிறது என்ற விஷயம் அரசாங்கத்துக்குத் தெரியாதவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, மூச்சு வாங்க மலையேறினால் கல்லுமலை வரும். தோட்டத்தின் கடைசிப் பிரிவு. லயம் என்கிற வரிசை வீடுகள் நான்கு, மொத்தம் முப்பத்தெட்டு வீடு, பின்னால் ஓர் ஓடை. மின்கம்பி கீழே தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் வந்து, காய்கிற கொழுந்துக்குத்தான் கரண்டு வேண்டும், பறிக்கிறவர்களுக்கு எதற்கு என்று அங்கேயே நின்றுவிட்டிருந்தது. அப்படி எத்தனையோ வருஷம் போன பிறகு ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து ஓடையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிவு முழுவதும் சேர்ந்து சீமெந்தும் குழாயும் சுமந்தது. ஓடையோரம் ஒரு சின்ன அறை எழும்பியது, அதற்குள் தண்ணீர் விழுந்தால் சுற்றுகிற ஒரு சக்கரம் வந்தது, வீட்டுக்கு ஒரு பல்பு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் டீவியை நிறுத்தினால் நம் வீட்டு டீவி ஓடும். அவ்வளவுதான் மின்சாரம். அதற்கே ஜனங்கள் பூரித்துப்போனார்கள்.

மலைநாட்டில் சக்கரத்தை ரோதை என்பார்கள். தொழிற்சாலையில் ரோதை சுற்றுகிற இடமெல்லாம் காவலுக்கு ரோதைமுனி இருப்பார். இயந்திரம் ஆள் கையை இழுத்துக்கொள்ளாமல் கட்டிக்காப்பது அவர் பொறுப்பு. ஆகவே கல்லுமலைக்காரர்களும் ஓடையில் ஒரு நல்ல கல்லாகப் பார்த்து எடுத்து, மஞ்சள் பூசி, அந்த அறையின் வாசலில் நட்டு, ஒரு சுருட்டும் கொளுத்தி வைத்தார்கள். முனிக்கு அது போதும். பெரிதாக எதையும் எதிர்பார்க்கிற சாமியில்லை.

மின்சாரம் வந்தால் சங்கம் வேண்டும், சங்கம் வந்தால் தலைவர் வேண்டும். பிரிவில் இரண்டு தொழிற்சங்கம். இவர்கள் ஆளை அவர்கள் ஒப்பவில்லை, அவர்கள் ஆளை இவர்கள் ஒப்பவில்லை. கூட்டம் நடந்த அன்று பல் பிடுங்குவதற்காக மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த சண்முகவடிவின் பேரை யாரோ சொல்ல, ஆள் எதிரில் இல்லாததால் யாருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. வீங்கிய கன்னத்தோடு மலையேறி வந்தவளிடம் அவள்தான் மின்சார சங்கத் தலைவி என்று சொன்னார்கள். வாய் திறக்க முடியாத நிலையில் இருந்ததால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சண்முகவடிவு கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன் நிரோஷன், ஹட்டன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறான். கிழித்துக் கிழித்து நோர்வூட்டில் நிஷாந்தி என்ற பெண்ணிடம் வந்து நின்றான். பெண்ணின் அம்மா ராசம்மா, டீவி திருத்துகிற கடைக்காரர் இராமையாவின் மனைவி. வீட்டில் எந்த நேரமும் நாலைந்து டீவி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் வாழ்ந்தவள்.

"லயம்னா பரவாயில்லீங்க, நாங்களும் லயத்துல பொறந்தவங்கதான். ஆனா எம்மகளுக்கு இருட்டு ஆவாது. கார்த்திகையில நல்ல நாள் பாத்து வீடு பாக்க வர்றோம். ஃபேன் சுத்தணும், டீவி ஓடணும், பிரிட்ஜ் வச்சா குளிரணும். அப்பறம் பேசிக்கலாம்" என்று ராசம்மா சொல்லி அனுப்பினாள்.

ஃபேனையும் பிரிட்ஜையும் போட்டால் ரோதைமுனியே மூச்சு முட்டிப் படுத்துவிடுவார் என்பது சண்முகவடிவுக்குத் தெரியும். மகன் முகத்தைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை. பெரிய கரண்டுக்கு எங்கே போவது என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான், அழைக்காமலே, ஒரு வெள்ளை ஜீப் மலையேறி வந்தது.

ஜீப்பில் வந்தவர் சிவபாதம். சொந்த ஊர் யாழ்ப்பாணம், வேலை நுவரெலியாவில். மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி இணைப்புப் பணியகத்தின் உதவிப் பணிப்பாளர். இந்தப் பணியகம், ஓடையிலும் காற்றிலும் வெயிலிலும் சும்மா கிடக்கிற சக்தியையெல்லாம் நாட்டின் மின் வலையமைப்போடு இணைப்பதற்காக உண்டாக்கப்பட்டது. உண்டாகி மூன்று வருஷத்தில் ஒரு பெயர்ப்பலகையையும் ஒரு ஜீப்பையும் இணைத்திருந்தது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டதால், வருஷ முடிவுக்குள் ஏதாவது ஒன்றை எதனோடாவது இணைத்தே ஆகவேண்டிய கட்டாயம்.

அவர் சக்கரத்தைச் சுற்றி வந்தார். பிறகு சண்முகவடிவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அம்மா, ஒண்டை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. உங்கட மின்சாரம் இப்ப அநாதை. அதுக்குத் தாய் தேப்பன் இல்லை. தேசிய வலையமைப்பில சேர்ந்தாத்தான் அது மின்சாரம். அதுவரைக்கும் அது வெறும் வெளிச்சம்."

"வெளிச்சம்தானுங்க ஐயா எங்களுக்கு வேணும்" என்றாள் அவள். ஆனாலும் மனசு நோர்வூட்டில் நின்றது. சேர்ந்தால் பிரிட்ஜ் ஓடுமா என்று மெதுவாகக் கேட்டாள். பிரிட்ஜ் என்ன, வேண்டுமானால் ஒரு தொழிற்சாலையே ஓடும் என்றார் சிவபாதம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதற்கு இவ்வளவு போதும். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு நுவரெலியாவுக்குப் போக்குவரத்து ஆரம்பித்தது. காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்தில் இவள் பஸ்ஸுக்கு நிற்பாள். ஹட்டனில் இறங்கி வேறு பஸ் பிடித்து, குளிரில் விறைத்துப் போய்ச் சேர்ந்தால் பணியகம் இருட்டாக இருக்கும். அது நாடெங்கும் மின்வெட்டு அமுலில் இருந்த வருஷம். நாட்டுக்கு மின்சாரம் சேர்க்கிற அலுவலகத்தில் மெழுகுதிரி ஏற்றி வைத்து வேலை பார்த்தார்கள். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. பியூனுக்குத் திரி கிடையாது, எழுதுவினைஞருக்குச் சின்னத் திரி, உதவிப் பணிப்பாளருக்குப் பெரிய திரி. பணிப்பாளருக்கு ஒரு ஜெனரேட்டர். அவர் பெரும்பாலும் கொழும்பில் கூட்டத்தில் இருந்ததால் ஜெனரேட்டர் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் அதைத் தொடுவது ஒழுக்காற்றுக் குற்றம்.

முதல் பயணத்தில், ஓடைக்கு உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். அடுத்த பயணத்தில், ஓடையின் தண்ணீரைக் கீழே யார் பயன்படுத்துகிறார்களோ அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்றார்கள். கீழே அது நீர்த்தேக்கத்தில் போய் விழுகிறது, அங்கே அரசாங்கம்தான் மின்சாரம் எடுக்கிறது என்று அவள் சொன்னாள். அப்படியானால் அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும் என்றார் சிவபாதம். அது யார் தருவார் என்று கேட்டதற்கு, தான்தான் என்றார். தருவீர்களா என்றதற்கு, முறைப்படி விண்ணப்பம் வந்தால் தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டு முடிக்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது.

பிறகு சோதனை. பொறியியலாளர் குகநேசன் வந்தார். இளம் வயசு, நல்ல பிள்ளை, மழையைக் கண்டால் பயம். சக்கரம் சுற்றுகிற அறைக்குப் பணியக விதிப்படி என்னென்ன இல்லை என்று எழுதினார். சுற்றுவேலி இல்லை. மூன்று மொழியில் எச்சரிக்கைப் பலகை இல்லை. கடமையில் இருப்பவருக்கு நாற்காலி இல்லை. கடமையில் இருப்பவருக்கு மலசலகூடம் இல்லை. கடமையில் யாரும் இருப்பதில்லை ஐயா, சாயங்காலம் யாராவது போய்த் தண்ணீர்க் கதவைத் திறந்துவிட்டு வருவோம் என்று விளக்கினார்கள். இல்லாதவருக்கும் வசதி செய்துவைப்பதுதான் நிர்வாகம் என்றார் குகநேசன்.

நான்கு லயத்துக்கும் சேர்த்து இருந்த கக்கூஸ்களில் கதவுள்ளது ஒன்றுதான். அந்தக் கதவும் காற்றடித்தால் கூடவே போகிற வகை. இப்போது அதே ஜனங்கள் மறுபடியும் சீமெந்து சுமந்து சக்கரத்துக்கு ஒரு கக்கூஸ் கட்டினார்கள். உள்ளே வெள்ளை ஓடு, வெளியே பச்சைக் கதவு, பூட்டு. சாவியைப் பணியகம் கொண்டுபோய்விட்டது. இன்னும் திறந்துவைக்கப்படவில்லை அல்லவா?

குகநேசன் கடைசியாக வாசலில் நின்ற மஞ்சள் கல்லைப் பார்த்தார். இயந்திரத்திலிருந்து இத்தனை அடிக்குள் சம்பந்தமில்லாத பொருள் இருக்கக்கூடாது, அகற்றுங்கள் என்றார். யாரும் அசையவில்லை. பூசாரி பழனியாண்டி, தொடுகிறவர் தொடலாம், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார். குகநேசன் சப்பாத்தைக் கழற்றினார், மறுபடி போட்டார். அகற்றவேண்டும் என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் புறப்படவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. இறங்கி வந்து, திருநீறு வாங்கிப் பூசி, எழுதியதை வெட்டிவிட்டு, 'வழிபாட்டுத் தலம் ஒன்று உண்டு' என்று போட்டார். ஜீப் புறப்பட்டது. பற்றரி ஈரமாகியிருந்ததுதான் காரணம் என்று டிரைவர் சொன்னார். எழுதியது எழுதியதாகவே இருந்தது.

போகும்போது சக்கரத்துக்கு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டும் போனார்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது மின்சாரம் உண்டாக்குவது களவு. கல்லுமலையில் பல்புகள் அணைந்தன. நாலு வருஷத்துக்குப் பிறகு போத்தல் விளக்குகளைத் தேடி எடுத்தார்கள். திரும்பிய பக்கமெல்லாம் தலைவியம்மா தலைவியம்மா என்று ஜாடை பேசினார்கள். அவள் காதில் எல்லாம் விழுந்தது. பேசுகிறவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை, தன் ஆசைக்கு முப்பத்தெட்டு வீட்டை இருட்டாக்கிவிட்டோமே என்ற வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

ஐப்பசியில் ஒருவழியாகத் திறப்பு விழா வந்தது. சக்கரத்திலிருந்து தொழிற்சாலைக் கம்பம் வரைக்கும் புதுக் கம்பி இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பி லயங்களின் கூரைக்கு மேலாகவே போயிற்று. வாழைமரம், தோரணம், ரிப்பன் எல்லாம் இருந்தன. சிவபாதம் பொத்தானை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. கைதட்டினார்கள். தட்டிவிட்டு எல்லோரும் தத்தம் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை.

சிவபாதம் பேசினார்: "இண்டையில இருந்து கல்லுமலை நாட்டுக்கு ஒளி குடுக்குது. நாட்டுக்கு ஒளி குடுக்கிறவை தங்கட வீட்டு ஒளியைப் பற்றி யோசிக்கக் கூடாது. மெழுகுதிரியைப் பாருங்கோ. அது தனக்கெண்டு எரியுதோ?"

பணியகத்தில் மெழுகுதிரியை நிறையப் பார்த்திருந்த சண்முகவடிவு, விழா முடிந்ததும் அவரிடம் போய், எங்க வீட்டு லைட்டு எப்பங்க ஐயா எரியும் என்று கேட்டாள்.

"நீங்கள் இப்ப உற்பத்தியாளர். உற்பத்தியாளர் தன்ர மின்சாரத்தைத் தானே பாவிச்சா அது முறைகேடு. ஏன், நீங்கள் பறிக்கிற முதல்தரத் தேயிலையை நீங்களோ குடிக்கிறியள்? இல்லைத்தானே? அது கப்பலேறிப் போகுது. நீங்கள் தூளைக் குடிக்கிறியள். ஆரும் குறை சொன்னவையோ? அதே ஒழுங்குதான் இதுவும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. நல்லதொரு உவமானம் வாய்த்துவிட்ட சந்தோஷம் மட்டும் இருந்தது.

வெளிச்சம் வேண்டுமானால், மின்சாரம் உபயோகிக்கிறவர்களுக்கான பாவனையாளர் பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். கார்த்திகை பிறந்துவிட்டது. ராசம்மா வருவதற்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. சண்முகவடிவு மறுபடி நுவரெலியாவுக்குப் போய்ப் பாவனையாளர் பிரிவு எது என்று கேட்டாள். மூலையில் இருந்த மேசையைக் காட்டினார்கள். அங்கே யாரும் இல்லை. சற்று நேரத்தில் சிவபாதம் தன் மேசையிலிருந்து எழுந்து, பெரிய மெழுகுதிரியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து வந்து, மூலை மேசையில் உட்கார்ந்தார். அவளை நிமிர்ந்து பார்த்து, பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார்.

"நாந்தானுங்க ஐயா, கல்லுமலை சண்முகவடிவு."

அந்த மேசையில் அவளை அவருக்குத் தெரியாது. எல்லாம் முதலிலிருந்து சொல்லவேண்டி வந்தது. முகவரி என்ற இடத்தில் வண்டி நின்றது. கல்லுமலையில் எந்த வீட்டுக்கும் இலக்கம் கிடையாது, காணிப் பத்திரமாகிய உறுதி கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஆபீசில் வந்து குவியும், எப்போதாவது மலையேறும். முகவரியில்லாத இடத்துக்கு மின் இணைப்பு இல்லை என்றார் சிவபாதம். சக்கரத்து அறைக்கு மட்டும் கொடுத்தீர்களே என்றாள். அதற்கு முகவரி உண்டு, பணியகமே வழங்கியது, இலக்கம் ஒன்று, மின்நிலைய வீதி.

"அப்ப ரோதைக்கு அட்ரஸ் இருக்கு, எங்களுக்கு இல்லீங்களா?"

"ரோதை நிரந்தரமானது, அம்மா."

"நாங்களும் பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து அங்கதாங்க ஐயா இருக்கோம்."

சிவபாதம் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது தொடர்ச்சியான தற்காலிகம்" என்றார்.

மலைக்கு மேலே சண்முகவடிவின் அம்மாவைப் புதைத்த இடம் இருக்கிறது, அதன்மேல் நட்ட தேயிலையைத்தான் அவள் இப்போது பறிக்கிறாள். இதை இந்த மனிதருக்கு எந்த மேசையில் வைத்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள்.

ஆள் போகாததால் சிவபாதம் மறுப்புக்கு இன்னும் ஒரு காரணம் சேர்க்கலாம் என்று பழைய சோதனை அறிக்கையை எடுத்தார். வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் திடுக்கிட்டார். குரல் மாறிவிட்டது.

"அம்மா, அந்த இடத்தில கோயில் இருக்குதோ?"

கோயில் இல்லீங்க, கல்லுதான், எங்க ரோதைமுனி என்றாள். அவருக்கு அது காதில் விழவில்லை. வழிபாட்டுத் தலம் என்று ஒரு பொறியியலாளர் கையெழுத்திட்டுவிட்டார். அதன் வாசலில் தான் ரிப்பன் வெட்டியிருக்கிறார், சப்பாத்துக் காலோடு. இந்த நாட்டில் ஒரு பாலத்தை விழுத்திய அதிகாரிகூடப் பதவி உயர்ந்திருக்கிறார். வழிபாட்டுத் தலத்தில் கைவைத்தவர் உயர்ந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. அவசரமாக விதிப் புத்தகத்தின் பின்பக்கத்துக்குப் போனார். வழிபாட்டுத் தலங்களுக்கு உடனடி இணைப்பு. உறுதி தேவையில்லை. முகவரி தேவையில்லை. மின்வெட்டு நேரத்திலும் சாமிக்கு விளக்கு அணையக்கூடாது, ஆகவே அந்த நேரத்தில் சக்கரம் கோயிலுக்கு மட்டும் சுற்றலாம்.

"நாளைக்கே உங்கட முனிக்கு வெளிச்சம் வரும்" என்றார்.

"முனி இருட்டுலயே இருந்து பழகினவருங்க ஐயா. அவருக்கு எதுக்கு? எங்களுக்குத்தான் வேணும்."

"உங்களுக்கு ஏலாது. கோயிலுக்குத்தான். திருவிழாக் காலமெண்டால் அலங்கார விளக்கும் போடலாம். வேற ஒண்டும் ஏலாது."

"அலங்காரம்னா எதுவரைக்குங்க போடலாம்?"

"சாமி ஊர்வலம் போற பாதை முழுக்க."

சண்முகவடிவு கொஞ்சம் யோசித்தாள். முனியை எந்தக் காலத்திலும் யாரும் தூக்கிக்கொண்டு போனதில்லை. தூக்கினால் எங்கே கொண்டுபோவது? நாலு லயத்து வாசலுக்கும்தானே கொண்டுபோக வேண்டும்?

"எத்தன நாளைக்குங்க ஐயா?"

சிவபாதம் விரலை வைத்து வாசித்தார்: "கொடியேற்றம் தொடக்கம் கொடியிறக்கம் வரை." நாள் கணக்கு அதில் போடப்பட்டிருக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார் என்றும் சொல்ல முடியாது, கவனிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வருஷ முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கல்லுமலையில், சரித்திரத்தில் முதல் தடவையாக, ரோதைமுனிக்குக் கொடியேறியது. நெடுநெடுவென்று ஒரு யூக்கலிப்டஸ் கம்பம், உச்சியில் சிவப்புத் துணி. முனியைப் பலகையில் வைத்து நாலு லயத்தையும் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவர் போன பாதையெல்லாம் அலங்கார விளக்கு. வாசலில் நின்று கும்பிட்டவர்கள், வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று முனியைக் கேட்டுக்கொண்டதால் வீட்டுக்குள்ளும் அலங்காரம். டீவியும் அலங்காரத்தோடு சேர்ந்தது. புதுக் கம்பி பெரிய கம்பி. எல்லா டீவியும் ஒரே நேரத்தில் ஓடின, ஒரு பல்புகூட மங்கவில்லை. பச்சைக் கதவின் சாவியும் வந்துவிட்டது, பக்தர்களின் வசதிக்காக.

ராசம்மா வந்த மாலையில் கீழே எங்கும் மின்வெட்டு. இருண்டு கிடந்த நோர்வூட்டிலிருந்து புறப்பட்டு, இருண்டு கிடந்த மஸ்கெலியாவைக் கடந்து, வேனை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால், மலைமேல் கல்லுமலை மட்டும் ஜெகஜோதியாக நிற்கிறது. மற்ற வீடுகளில் டீவியை நிறுத்தி விட்டுக்கொடுத்திருந்தும், பெரிய கரண்டு இல்லாத நேரத்தில் முனி ஒருவராகவே இழுத்ததால் ஃபேன் சற்று நிதானமாகத்தான் சுற்றியது. குளிரில் அது யாருக்கும் குறையாகப் படவில்லை. ராசம்மா டீவியைப் பார்த்தாள், இரவல் வாங்கி வைத்திருந்த பிரிட்ஜைத் திறந்து கையை விட்டுப் பார்த்தாள், பச்சைக் கதவைத் திறந்து வெள்ளை ஓட்டைப் பார்த்து வாயடைத்து வந்தாள். நிரோஷனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

வெற்றிலைத் தட்டை மாற்றப் போகிற நேரத்தில்தான் அவள் கண் கம்பத்தில் பட்டது.

"என்னாங்க சம்பந்தி, கொடி ஏறியிருக்கு. கொடி எறக்காம ஊருல கல்யாணம் வைக்கக் கூடாதுங்களே?"

சண்முகவடிவு தட்டைக் கீழே வைத்தாள். உண்மைதான். சாமிக்குக் கொடி ஏறினால் இறங்குகிறவரைக்கும் ஊரில் நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வெளிச்சத்தைப் பிடிக்கிற ஓட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கொடியை இறக்கினால் கல்யாணம் நடக்கும், வெளிச்சம் போகும், வெளிச்சம் போனால் ராசம்மா மகளைத் தரமாட்டாள். இறக்காவிட்டால் கல்யாணமே இல்லை.

மறுநாளே பணியகத்துக்கு ஓடினாள். ஒரே ஒரு நாள் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றலாமா என்று கேட்டாள். ஏலாது, இறக்கினால் திருவிழா முடிந்ததாகிவிடும், அடுத்த திருவிழாவுக்கு விண்ணப்பம் முதலிலிருந்து என்றார் சிவபாதம். திரும்பி வந்தபோது முப்பத்தேழு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று அவளையே பார்த்தார்கள். மகனுக்காக இறக்கிக்கொள் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, இறக்காதே என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஒருமுறை இவர்களை இருட்டில் தள்ளியது போதும் என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். நிரோஷன் எழுந்து ஓடைப் பக்கம் போனான்.

கடைசியில் முனியிடமே கேட்டுவிடலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை பழனியாண்டி பூசாரி முழுகிவிட்டு வந்து நின்றார். உடுக்கு அடித்தார்கள், முனி இறங்கினார். சண்முகவடிவு ஈரச் சேலையோடு கும்பிட்டு நின்று, உன் கொடி பறக்கையில் என் மகனுக்குக் கல்யாணம் செய்யலாமா சாமி என்று கேட்டாள்.

முனி நெடுநேரம் ஆடினார். பிறகு சுருட்டை இழுத்துப் புகையை விட்டார்.

"எங்கொடியா? நான் எப்ப கொடி கேட்டேன்? எனக்கு ஒரு கல்லு, ஒரு சுருட்டு. அது அந்த ஆபீசு ஏத்தின கொடி. அவுக சாமிக்கு ஏத்துன கொடிக்கு நீ ஏன் தாலிய நிறுத்துற?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு பேரும் ஒரே வாயால் கொடுத்துவிட்டார்கள். சண்முகவடிவு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். விஷயம் நோர்வூட்டுக்குப் போனது. ராசம்மா ஒரு நாள் யோசித்துவிட்டு, முனி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆபீஸ் கொடியெல்லாம் கல்யாணத்துக்குத் தடை இல்லை என்று ஒப்புக்கொண்டாள்.

தையில் கல்யாணம். சிவபாதம் வந்திருந்தார், குகநேசனும் வந்திருந்தார். சிவபாதத்துக்கு மாலை போட்டு முதல் மரியாதை செய்தார்கள். பணியகம் கல்லுமலை மக்களை ஒளியோடு இணைத்துவைத்தது என்று பேசினார், இரண்டு குடும்பத்தையும் இணைத்ததையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மெழுகுதிரிப் பிரச்சினையும் அவருக்குத் தீர்ந்தது, ஜெனரேட்டர் கிடைத்தது.

திருவிழா நடந்துகொண்டே இருந்தது. முனியை ஒவ்வொரு வெள்ளியும் ஊர்வலம் கொண்டுபோக ஆரம்பத்தில் ஆளிருந்தது, பிறகு மாதம் ஒருமுறையாக்கினார்கள். கொடி நைந்துபோனால் இறக்க முடியாதே. நிரோஷன் கம்பத்தில் ஏறி, பழைய கொடிக்கு மேலேயே புதுக் கொடியைக் கட்டிவிட்டு இறங்குவான். நிஷாந்தி கீழே நின்று, பார்த்து ஏறுங்க, பார்த்து ஏறுங்க என்று ஊரைக் கூட்டுவாள்.

மூன்றாவது வருஷம் ஆடிக் காற்று அடித்த அடியில் கொடிகள் அத்தனையும் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டன. விடிந்து பார்த்தால் கம்பம் மொட்டையாக நிற்கிறது. முதலில் ஒருவரும் கம்பத்தைப் பார்க்கவில்லை, ஓடிப்போய்ப் பல்பைத்தான் பார்த்தார்கள். எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் பயம். சண்முகவடிவு பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

சிவபாதம் விதிப் புத்தகத்தை எடுத்தார். நெடுநேரம் வாசித்தார். பிறகு தன் கைப்பட முடிவை எழுதி, அவளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார்: காற்று கொண்டுபோனதை இறக்கியதாகக் கொள்ள முடியாது. கொடி எங்கு பறந்துகொண்டிருந்தாலும் அது பறக்கும்வரை திருவிழா தொடரும்.

"ஆனா அம்மா, ஒண்டு. அந்தக் கொடியை நீங்கள் தேடக் கூடாது."

"தேட மாட்டோமுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, பேரனுக்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டு, சண்முகவடிவு ஹட்டன் பஸ்ஸுக்கு நடந்தாள்.